அக்கரைக்கு எவ்வளவு தூரம்?

விடுமுறை நெருங்கினால் கடிதங்களில் உப்புக்காற்று வீசத் தொடங்கிவிடும். இந்த இதழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை கோடியக்கரையைக் கேட்டவை; மற்றவை கோடியக்கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஊர்களைக் கேட்டவை. இரண்டையும் கலந்தே தருகிறோம்.

தொலைதூரத்தில் உள்ள ஒரு துறைமுக நகரத்துக்குக் குடும்பத்தோடு போக ஆசை. பணம் மட்டும் குறைவு. வழி உண்டா?
— மன்னார்குடி

உண்டு. கோடியக்கரைக் கடற்கரையில் போய் நில்லுங்கள். அங்கிருந்து தஞ்சாவூர் நேர்கோட்டில் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். எதிர்ப்பக்கம் இருக்கும் இலங்கைத் துறைமுகமான காங்கேசன்துறை சுமார் 55 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாண நகரமே எழுபதைச் சொச்சம்தான் தாண்டும். ஆக, உங்கள் கணக்கில் தொலைதூர நகரம் தஞ்சாவூர்! என்ன, பெரிய கோயில் வாசலில் யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.

அவ்வளவு பக்கம் என்றால் கோடியக்கரையில் ஒரு ஃபைபர் படகைப் பிடித்து நேரே போய்விட வேண்டியதுதானே?
— ஆயக்காரன்புலம்

போகலாம். திரும்பி வருவது எப்போது என்பதை இலங்கைக் கடற்படையும் நீதிமன்றமும் சேர்ந்து முடிவு செய்யும். நடுவில் ஒரு சர்வதேச எல்லை இருக்கிறது ஐயா. அதைத் தெரியாமல் தாண்டிய மீனவர் குடும்பங்கள் படும் பாட்டை உங்கள் பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள்.

முறையான வழி நாகப்பட்டினத்திலிருந்து. 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ என்ற கப்பலோடு காங்கேசன்துறைக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. சில நாளிலேயே மழைக்காலம் வந்ததால் அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர், பயணம் சுமார் நான்கு மணி நேரம். இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி வழி கடந்த பிறகுதான் கப்பல் கோடியக்கரைக்கு நேராக வருகிறது. அதாவது, வீட்டு வாசலில் நிற்காத பஸ்ஸை முந்தின ஸ்டாப்புக்குப் போய்ப் பிடிக்கிற கதை.

அந்தக் கப்பலை நம்பி லீவு போடலாமா?
— நாகப்பட்டினம்

கப்பலை நம்பலாம், வங்கக் கடலை நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையை நிறுத்திவைப்பது வழக்கம். மற்ற மாதங்களிலும் கடல் சீற்றம் என்றால் பயணம் தள்ளிப்போகும். கட்டணமும் கிழமைகளும் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் கையில் வந்த பிறகு லீவு எழுதிக் கொடுங்கள். இலங்கை விசாவை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே முகூர்த்தம், பரீட்சை, கோர்ட் வாய்தா எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காங்கேசன்துறையில் இறங்கியாயிற்று என்று வையுங்கள். முதலில் எதைப் பார்ப்பது?
— தோப்புத்துறை

இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கீரிமலை. கடலுக்கு ஒட்டினாற்போல் ஒரு கேணி. அலை உப்பு, கேணி நீர் நல்ல தண்ணீர். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. கப்பல் களைப்பு அங்கேயே தீர்ந்துவிடும். அருகில் நகுலேசுவரம் கோயில்.

பிறகு யாழ்ப்பாணம். காங்கேசன்துறையிலிருந்தே ரயில் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆடி, ஆவணியில் போனால் இருபத்தைந்து நாள் திருவிழா. போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் ஐந்து மூலையாக எழுப்பிய கோட்டை கடலோரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி வெள்ளை வெளேரென்று பொது நூலகம். 1981இல் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்ட கட்டடம் அது. மறுபடி கட்டி 2003இல் திறந்தார்கள். அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்வதற்குள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு ஏறுங்கள். நயினாதீவில் நாகபூசணி அம்மன். இன்னும் தள்ளி நெடுந்தீவு. சாப்பாட்டுக்கு ஒடியற் கூழ் கேளுங்கள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் கீரையும் போட்டுக் காய்ச்சுவார்கள். காரம் நம்மூர்க் காரம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

நெடுந்தீவில் காட்டுக்குதிரை இருக்கிறதாமே? கோடியக்கரைக் காட்டிலும் குதிரைகளைப் பார்த்தேன். நீந்தி வந்தவையா?
— திருத்துறைப்பூண்டி

நல்ல கற்பனை. ஆனால் இரண்டு கரையிலும் நடந்தது ஒன்றேதான்: மனிதன் வளர்த்தான், வேலை முடிந்ததும் விட்டுவிட்டான். நெடுந்தீவில் உள்ளவை ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை. கோடியக்கரையில் இருப்பவை மட்டக்குதிரைகள், வீட்டுக் குதிரைகள் காட்டோடு போய்ப் பெருகியவை. பார்க்க அழகு. ஆனால் வெளிமானுக்கு என்று இருக்கும் புல்லை அவையும் மேய்கின்றன என்பது வனத்துறையின் கவலை. சுற்றுலாப் பயணிக்குக் குதிரை, மானுக்குப் பங்காளி.

எங்கள் ஊர் ஏரியிலேயே ஆயிரக்கணக்கில் பறவை. நான் எதற்குக் கோடியக்கரை போக வேண்டும்?
— வடுவூர்

உங்கள் பெருமை நியாயமானது. வடுவூர் ஏரியும் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் கோடியக்கரை அந்தப் பட்டியலில் 2002லேயே ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம் அதுதான். பரப்பு 38,500 ஹெக்டேர். அதில் காடு, உப்பளம், சேற்றுவெளி, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் அடக்கம்.

உங்கள் ஏரி நன்னீர். இங்கே உப்புச் சேறு. ஆகவே பந்தியும் வேறு, விருந்தாளியும் வேறு. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சல்லடைபோல் அரித்துத் தின்னும். அது தின்னும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறமிதான் அதன் இறகில் ஏறி இளஞ்சிவப்பாகிறது. பூநாரையைப் பார்த்தவுடன் எல்லாரும் கேமராவைத் தூக்கிவிடுவார்கள். நீங்கள் கீழே பாருங்கள். சேற்றில் குடுகுடுவென்று ஓடும் சிறிய உள்ளான் ஒன்று இருக்கும். எடை இருபது முப்பது கிராம், ஒரு தபால் உறை கனம். அது ஆர்க்டிக்கை ஒட்டிய சைபீரியத் தரிசு நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர் காய வந்திருக்கிறது. இந்தக் காட்டில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, பறக்கவிட்டு அவற்றின் பாதையைப் பின்தொடர்கிறார்கள்.

சரணாலயம் என்று போர்டைப் பார்த்துவிட்டுப் போனோம். ஒரு பறவையும் இல்லை. ஏமாற்று வேலையா?
— கும்பகோணம்

எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்கு வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். அந்நேரம் பறவைகள் சைபீரியாவில் இருந்திருக்கும். வேனைப் பார்த்து மான்கள் உள்ளே போயிருக்கும். பறவைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை, விடியற்காலையில் போங்கள். வெளிமானைக் கோடையிலும் பார்க்கலாம். அதற்காகத்தான் 1967இல் சரணாலயமே அறிவித்தார்கள். கிடாவுக்கு முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும். பெட்டை மங்கிய பழுப்பு. வெட்டவெளி இல்லையென்றால் அந்த மானுக்கு வாழ்க்கை இல்லை. எதிரியைத் தூரத்திலேயே கண்டு ஓட வேண்டுமே! சீமைக்கருவேல் பரவி வெளியை அடைப்பதால்தான் அதை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

காட்டில் வேறு என்ன அபாயம்?
— பட்டுக்கோட்டை

குரங்கு. உங்கள் தயிர்சாதப் பொட்டலத்தின் மேல் அதற்கு உரிமை உண்டு என்று அது உறுதியாக நம்புகிறது.

‘பொன்னியின் செல்வ’னில் வரும் கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்க முடியுமா? பூங்குழலி வீடு எங்கே?
— பாபநாசம்

பூங்குழலி வீடு கல்கியின் தலைக்குள் இருந்தது. 1950இல் தொடராகத் தொடங்கிய அந்தக் கதை, கோடியக்கரைக்கு எந்த அரசுத் துறையும் தராத விளம்பரத்தைத் தந்துவிட்டது. இன்றும் ஆட்டோக்காரரிடம் முகவரி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கலங்கரை விளக்கத்தில் மட்டும் கணக்கு உண்டு. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் விளக்கம் ஒன்று கடலோரத்தில் சிதைந்து நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதையும் சரித்துவிட்டது; மிச்சத்தைத்தான் பார்க்கலாம். வெள்ளைக்காரர் 1902இல் கட்டியது குட்டையானது. இப்போது வேலை செய்வது 1998இல் கட்டிய உயரமான கோபுரம். சுமார் 45 மீட்டர். மேலே ஏற அனுமதி உண்டா என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்து ஏறினால் ஒரு விஷயம் கண்ணில் படும்: வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்த சோழமண்டலக் கரை, இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. இந்த முனையை வைத்துத்தான் மாலுமிகள் அந்தக் காலத்தில் திசை பிடித்தார்கள். விளக்கு மேல் விளக்கு ஏன் கட்டினார்கள் என்பதும் புரிந்துவிடும்.

கதையில் வரும் புதைசேறு மட்டும் கற்பனை இல்லை. சதுப்பில் வழி தெரியாமல் கால் வைக்காதீர்கள். தூக்கிவிடப் பூங்குழலி வர மாட்டாள்.

கோடிக்குழகர் கோயிலைப் பற்றிச் சொல்லுங்கள்.
— திருவாரூர்

உங்கள் ஊர்க்காரர் சுந்தரர் பாடிய தலம். தோழர் சேரமான் பெருமாளோடு வந்தவர், ஆள் அரவமற்ற கடற்கரையில் சிவன் தனியாகக் குடியிருப்பதைக் கண்டு மனம் கலங்கிப் பாடினார் என்பது வரலாறு. கடவுளுக்கே துணை இல்லையே என்று கவலைப்பட்ட ஒரே பயணி அவராகத்தான் இருக்கும். இப்போது தை அமாவாசை, ஆடி அமாவாசையில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆதிசேது என்று கடலில் முழுக்குப் போட வரும் கூட்டத்தில் சுந்தரரின் கவலை தீர்ந்துவிடும்.

மற்ற நாளில் கடலில் குளிக்கலாமா?
— ஒரத்தநாடு

கால் நனைக்கலாம். நீச்சலுக்கான கடற்கரை இல்லை இது, மீன்பிடித் துறை. சீசனில் வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். கரையில் காய்வது அவர்களுடைய வலையும் கருவாடும். உங்கள் துண்டை அதன் மேல் போடாதீர்கள்.

ரயிலில் போகலாம் என்கிறார்கள். உண்மையா?
— மயிலாடுதுறை

முக்கால் உண்மை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ் காலத்தில் ரயில் கோடியக்கரைக்கே போயிற்று. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. மீதியைப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போக வேண்டும். ஜன்னலோரம் உட்காருங்கள். வயல் முடிந்து உப்பளம் தொடங்கும் இடம் டெல்டாவில் வேறு எந்த ரயிலிலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

நடைப்பயணம், சாகசம் இப்படி இளைஞர்களுக்கு ஏதாவது உண்டா?
— திருச்சி

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கிய ஒரு நடை இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மரத்துக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை! ஏப்ரல் 28 வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜிக்கு ஆறு மாதம் சிறை. வரவேற்று இடம் கொடுத்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார், ‘சர்தார்’ என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. முழுவதும் நடக்க முடியாதவர்கள் வேதாரண்யத்திலிருந்து தூண் வரையாவது நடக்கலாம். இரவு தங்கினால் வேதாரண்யேசுவரர் கோயில் விளக்கையும் பாருங்கள்; திருவாரூருக்குத் தேர் எப்படியோ, வேதாரண்யத்துக்கு விளக்கு அப்படி.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனாராம். ஆளை ஏமாற்றுகிறாரா?
— கூத்தாநல்லூர்

தாத்தா காலைத் தொட்டுக் கும்பிடுங்கள். ‘ரஜூலா’ என்ற கப்பல் 1926இல் கட்டியது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். ஏறியவர்களில் பலருக்கு அறை கிடையாது. மேல்தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, ஒரு வாரம். இன்று நீங்கள் அதே சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்தில் போய், கால் நீட்ட இடமில்லை என்று குறை சொல்கிறீர்கள்.

ரஜூலாவுக்குப் பின் அந்தத் தடத்தில் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985இல் அதில் நடந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் பயண யுகம் முடிந்தது.

சோழர்கள் வெளிநாட்டுச் சுற்றுலா போனார்களா?
— உடையார்பாளையம்

முதலாம் ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அனுப்பிய பயணத்தைச் சுற்றுலா என்றால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே எதிர்த்திசையில் நாகரிகமாக ஒரு வரவு நடந்தது. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை விட்டுக்கொடுத்தான். அந்தக் கொடையைப் பதித்த செப்பேடு பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகம் வரை கடல் தாண்டியது. சோழர் செய்த பயணங்களிலேயே நீளமானது அந்த ஏடு செய்ததுதான்.

கஜா புயலுக்குப் பிறகு கோடியக்கரையில் பார்க்க என்ன மிச்சம்?
— தலைஞாயிறு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியது உங்கள் பகுதியில்தான். நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னையும் மாவும் சாய்ந்தன, காட்டில் மான்கள் மாண்டன. ஆனால் இது உலர்பசுமைக் காடு. பாலை மரம் போன்றவை உப்புக்காற்றையும் வறட்சியையும் தின்று வளர்ந்தவை. முறிந்த அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. தோட்டக்காரர்களுக்குத்தான் திரும்பி எழ நாளாயிற்று. ஆகவே அங்கே போகிறவர்கள் வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல் கொஞ்சம் வாங்கிக்கொண்டும் வாருங்கள்.

என்ன வாங்குவது?
— தஞ்சாவூர்

காலையில் வேதாரண்யம் முல்லை, பருவத்தில் மாம்பழம், எப்போதும் கருவாடு. மூன்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை: கோடியக்கரையா, யாழ்ப்பாணமா, சிங்கப்பூரா?
— முத்துப்பேட்டை

மாதத்தைப் பார்த்துப் பதில் மாறும். மழை ஓய்ந்து பறவை நிறைந்திருக்கும் ஜனவரியில் கோடியக்கரை. கடல் அடங்கிக் கப்பல் ஓடும்போது யாழ்ப்பாணம். சித்தப்பா மகன் அங்கே வேலையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் சிங்கப்பூர். மூன்றுக்கும் காசில்லை என்றால் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைபீரியாவிலிருந்து விசா இல்லாமல் ஒரு கூட்டம் உங்களைப் பார்க்க வந்து இறங்கும்போது, முத்துப்பேட்டையிலிருந்து பஸ் டிக்கெட் எடுக்க யோசிப்பது மரியாதை இல்லை.